அணைந்த மின்னல்: இணைய அசைபடக் கலையின் கால் நூற்றாண்டு

2021ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் உலகெங்கும் கணினித் திரைகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற அசைபடங்களும் விளையாட்டுகளும் பாடப் பயிற்சிகளும் அன்று நின்றன. அவற்றை இயக்கி வந்தது ஃபிளாஷ் என்னும் மென்பொருள். அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனத்தார் 2020 திசம்பர் 31ஆம் நாளோடு அதனைக் கைவிட்டனர். பன்னிரண்டு நாள் கழித்து, மென்பொருளினுள் முன்னரே வைக்கப்பட்டிருந்த தடை செயற்பட்டது. ஃபிளாஷ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மின்னலின் பளிச்சீடு என்பது பொருள். அம்மின்னல் அன்று அணைந்தது.

நூல் ஒன்று மறுபதிப்புக் காணாது போனாலும், நூலகத்தில் உள்ள படியை எடுத்துப் படிக்கலாம். எழுத்தறிந்த கண் இருந்தால் போதும். இங்கு நிகழ்ந்ததோ வேறு. கோப்புகள் அழியவில்லை; இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைப் படிக்கும் கருவி மட்டும் இல்லாது போயிற்று. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பல நாட்டு இளைஞர் படைத்த ஒரு கலை இந்நிலைக்கு ஆளானது எவ்வாறு? அதில் எஞ்சியது எது? அக்கலை இன்று எவ்வடிவில் வாழ்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண, அதன் தோற்றத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

ஊடாட்டம் என்பது யாது?

திரைப்படம் எத்தனை முறை ஓடினாலும் ஒரே ஒழுங்கில்தான் ஓடும். பார்ப்பவர் அழுதாலும் சிரித்தாலும் கதை மாறாது. இணையத்தில் வளர்ந்த அசைபடமோ பார்ப்பவரின் கையை எதிர்பார்த்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். ஊசலின் கயிற்றை நீட்டினால் அதன் ஆட்டம் மெதுவாகும். பார்ப்பவர் செயலுக்கேற்பப் படம் மறுமொழி தருதலையே ஊடாட்டம் என்பர். எழுத்து, ஓவியம், ஒலி, அசைவு ஆகியவற்றை ஒருங்கு கூட்டி இவ்வாறு அமைப்பது பல்லூடக வடிவமைப்பு ஆகும்.

இக்கருத்து இணையத்திற்கும் முந்தியது. 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆய்வு மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் அமைப்பை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையின்மேல் கோடு வரைந்தால், கணினி அக்கோட்டை வேண்டியவாறு நேராக்கியும் இணையாக்கியும் காட்டியது. மனிதன் வரைய, இயந்திரம் உடனுக்குடன் மறுமொழி தந்த தொடக்க கால அமைப்புகளுள் அது தலையாயது. ஆயினும் அத்தகைய கணினி அக்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருந்தது. அது வீடுதோறும் சென்று சேர, டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்த வைய விரிவு வலை தோன்ற வேண்டியிருந்தது.

தொடக்க கால வலைப்பக்கங்கள் எழுத்தும் அசையாப் படமுமாகவே இருந்தன. 1987இல் காம்புசெர்வ் நிறுவனம் வெளியிட்ட 'கிஃப்' வகைப் படம், பின்னர்ச் சில படங்களை அடுத்தடுத்துக் காட்டி அசைவுபோல் தோன்றச் செய்தது. சுழலும் உருண்டையும் எரியும் தீப்பந்தமும் இவ்வாறு வந்தவையே. அவை செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தன. பார்ப்பவர் கேட்டதற்கு விடை தரவில்லை.

புள்ளிப் படமும் கோட்டுப் படமும்

1996ஆம் ஆண்டளவில் வீடுகளில் பரவியிருந்த தொலைபேசிவழி இணைப்புகளுள் ஒன்று நொடிக்கு 28,800 துணுக்குகளைக் கொண்டுவரும். எட்டுத் துணுக்குகள் ஒரு பைட்டு எனக் கொண்டால், நொடிக்கு 3,600 பைட்டு. அகலத்தில் 200 புள்ளியும் உயரத்தில் 200 புள்ளியும் உள்ள ஒரு சிறு படத்தில் 40,000 புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு ஒரு பைட்டு என்றால், அப்படம் வந்து சேர ஏறத்தாழ 11 நொடி ஆகும். நொடிக்கு 12 படங்கள் காட்டினால்தான் அசைவு ஓரளவேனும் சீராகத் தோன்றும். அவ்வாறாயின் ஒரு நொடி ஆட்டத்திற்கு 480,000 பைட்டு வேண்டும். அதனைப் பெற 133 நொடி காத்திருத்தல் வேண்டும். சுருக்கி அனுப்பும் முறைகள் இச்சுமையைக் குறைத்தனவேயன்றி நீக்கவில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. படத்தை அனுப்பாமல், படம் வரையும் குறிப்பை அனுப்புவதே அது. ஆசிரியர் தாம் கரும்பலகையில் வரைந்த வட்டத்தைப் பெயர்த்தெடுத்து மாணவன் வீட்டுக்கு அனுப்ப இயலாது. ஆனால், "5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து சிவப்பு நிறம் தீட்டுக" என்று சொல்லி அனுப்பலாம். அச்செய்தி சிறியது. வரையும் உழைப்பு பெறுபவருடையது. கோட்டுப் படம் என்பது இத்தகைய குறிப்புகளின் தொகுதியே. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதன் விளிம்பு சிதையாது.

வட்டத்திற்கு ஆரம் போதும். முகத்தின் வளைவிற்கும் மலரின் இதழிற்கும் என்ன செய்வது? இதற்கு விடை தந்தவை பிரெஞ்சு நாட்டு உந்துவண்டித் தொழிற்சாலைகள். வண்டியின் உடற்பகுதியைக் கணக்கால் வரையறுக்கும் முறையை 1959இல் சித்ரோயன் நிறுவனத்தில் போல் தெ காஸ்தெல்ஜோ கண்டறிந்தார். 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே தாமே அதனை அடைந்தார். ஒரு வளைவிற்கு இரு முனைப் புள்ளிகளும், அவ்வளைவைத் தம்பால் இழுக்கும் ஒன்றோ இரண்டோ புள்ளிகளும் இருந்தால் போதும் என்பது அம்முறையின் சாரம். சித்ரோயன் நிறுவனத்தார் தம் பொறியாளரின் ஆய்வை மறைத்து வைத்தனர். பெசியே தம் ஆய்வை வெளியிட்டார். அதனால் முன்னவர் கண்ட வளைவு பின்னவர் பெயரால் 'பெசியே வளைவு' என வழங்கலாயிற்று. பூட்டி வைத்த அறிவு பெயரிழந்த இந்நிகழ்ச்சி, இவ்வரலாற்றில் பின்னர் வருவதற்கு முன்னறிகுறி போன்றது.

அசைவிற்கும் ஒரு பழைய மரபு கைகொடுத்தது. அசைபடக் கூடங்களில் மூத்த ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முதன்மைப் படங்களாக வரைவார். இடையே வரவேண்டிய படங்களை இளைய ஓவியர் வரைவர். கோட்டுப் படத்தில் இவ்விளைய ஓவியரின் வேலையைக் கணினியே செய்துவிடும். பந்து முதற்படத்தில் இடப்புறத்திலும் இருபத்து நான்காம் படத்தில் வலப்புறத்திலும் இருக்குமாறு அமைத்தால், நடுவில் உள்ள இருபத்திரண்டு நிலைகளும் கணக்கால் அமையும். முதன்மைப் படம், இடைப்படம் என்னும் இவ்விரு கருத்துகளும் இன்றளவும் இக்கலையின் இரு கால்களாக நிற்கின்றன.

கைவிடப்பட்ட பேனாவிலிருந்து

இம்முறைகளை ஒருங்கு சேர்த்து இணையத்திற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜொனதன் கே. பள்ளி மாணவராக இருந்தபோதே மெக்கின்டோஷ் கணினிக்கு விளையாட்டு எழுதத் தொடங்கியவர் அவர். 1986இல் வெளிவந்த 'டார்க் கேசல்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் நிரல் அவர் எழுதியது. 1993 சனவரியில் அவரும் சார்லி ஜாக்சன், மிசல் வெல்ஷ் ஆகிய இருவரும் 'ஃபியூச்சர்வேவ்' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர்.

அவர்கள் நோக்கம் இணையம் அன்று. அக்காலத்தில் பேனாவால் எழுதும் கணினி விரைவில் வீடுகளை நிரப்பும் எனப் பலரும் நம்பினர். அதற்கென 'ஸ்மார்ட்ஸ்கெட்ச்' என்னும் வரைதற் கருவியை அவர்கள் செய்தனர். 1994இன் தொடக்கத்தில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் அப்பேனாக் கணினித் திட்டத்தைக் கைவிட்டது. கருவி இருந்தது, அதனை ஏற்கும் கணினி இல்லை. பிற்காலத்தில் ஃபிளாஷ் படைப்பாளர் பலர்க்கு நேர்ந்த நிலை, ஃபிளாஷைப் படைத்தவர்க்கே அதன் பிறப்பிற்கு முன்னர் நேர்ந்திருந்தது.

அவர்கள் சோர்வடையாது அக்கருவியை விண்டோஸ், மெக்கின்டோஷ் கணினிகளுக்கு மாற்றி அமைத்தனர். 1995இல் கணினி வரைகலையாளர் கூடும் சிக்ராஃப் மாநாட்டில் அதனைப் பார்த்த பலர், இதைக்கொண்டு அசைபடம் செய்யலாமே என்றனர். ஜொனதன் கேயும் இராபர்ட் தட்சுமியும் அசைவு ஆற்றலைச் சேர்த்தனர். முதலில் ஜாவா மொழியின் வழியே வலைப்பக்கத்தில் ஓட்டிக் காட்டியபோது அது மிக மெதுவாக ஓடியது. நிறுவனத்தை அடோபிக்கு விற்க முயன்றனர். அவ்வேகத்தைக் கண்ட அடோபியார் மனம் கொள்ளவில்லை. அவ்வேளையில் நெட்ஸ்கேப் உலாவி பிறர் செய்த செருகுநிரல்களுக்கு இடம் தந்தது. உலாவியோடு ஒட்டி நேரே இயங்கும் வழி திறந்ததும், அசைபடம் விரைந்து ஓடியது.

1996இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்' என்னும் பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. மைக்ரோசாஃப்டும் டிஸ்னியும் தம் இணையத் தளங்களில் அதனைப் பயன்படுத்தின. அவ்வாண்டு திசம்பரில் மேக்ரோமீடியா நிறுவனம் ஃபியூச்சர்வேவை வாங்கி, மென்பொருளுக்கு ஃபிளாஷ் எனப் பெயர் சூட்டியது. 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி ஏறத்தாழ 340 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்கியது. பத்தாண்டுகளுக்கு முன் வேண்டாமென ஒதுக்கிய பொருளைப் பெருவிலை கொடுத்துப் பெற்றதாயிற்று.

மக்கள் கைக்கு வந்த கலை

2000இல் வந்த ஐந்தாம் பதிப்பு 'ஆக்சன்ஸ்கிரிப்ட்' என்னும் நிரல் மொழியைத் தந்தது. ஓவியர் நிரலாளர் ஆகவும் நிரலாளர் ஓவியர் ஆகவும் அது வழி செய்தது. 2002இல் வந்த ஆறாம் பதிப்பு காணொளியைச் சேர்த்துக்கொண்டது. 2005இல் தோன்றிய யூடியூப் தன் காணொளிகளைக் காட்ட நம்பியிருந்தது இந்த ஃபிளாஷையே.

அதனினும் பெரிது, அசைபடக் கூடத்தில் பணி பெறாத எளியவர் கைக்கு இக்கலை வந்தமை. 2000இல் சீனாவைச் சேர்ந்த ஜூ ஜிச்சியாங் 'சியாவ் சியாவ்' என்னும் தொடரை வெளியிடத் தொடங்கினார். குச்சி மனிதர் சண்டையிடும் எளிய படங்கள் அவை. தலை ஒரு வட்டம். உடலும் கையும் காலும் கோடுகள். கோட்டுப் படத்தின் சிக்கனத்தை அதனினும் தெளிவாகக் காட்டியது வேறில்லை எனலாம். அவை மொழி கடந்து உலகெங்கும் பரவின. தம் குச்சி மனிதனை நைக்கி நிறுவனம் விளம்பரத்தில் எடுத்தாண்டது என அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் பெய்ஜிங்கின் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. 2006இல் மேல் நீதிமன்றம் அதனை மாற்றியது. குச்சி மனிதன் பொதுவில் உள்ள உருவம் என்பதே அவ்வழக்கின் முடிவிற்கு அடிப்படை.

இலக்கியம் பயில்வோர் அறியத்தக்கது கொரியத் தலைநகர் சோலில் இயங்கும் 'யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ்' என்னும் இருவர் குழு. யங்-ஹே சாங், மார்க் வோஜ் ஆகிய அவ்விருவரும் வெண்டிரையில் கரிய எழுத்துகளை மட்டும் கொண்டு படைப்புகளைச் செய்தனர். ஜாஸ் இசையின் தாளத்திற்கேற்பச் சொற்கள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்து மறையும். படிப்பவர் நிறுத்தவோ திரும்பிச் செல்லவோ இயலாது. ஊடாட்டத்திற்குப் பெயர்போன கருவியில் ஊடாட்டத்தை வேண்டுமென்றே நீக்கிய துணிவு அது. ஓசையே படிப்பின் விரைவை ஆள்வதால், செய்யுளை வாய்விட்டுப் படிப்போர் அறியும் தாள இன்பத்தைக் கண்ணுக்கு உரியதாக்கிய முயற்சி என அதனைக் கொள்ளலாம்.

கல்வித் துறையிலும் இக்கருவி வேரூன்றியது. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 'ஃபெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, ஊசல், பின்னம் போன்றவற்றை மாணவர் தம் கையால் மாற்றிப் பார்த்துக் கற்கும் அசைபடப் பயிற்சிகளை அது இலவயமாக வழங்கியது. அவற்றுட் பல ஜாவாவிலும் சில ஃபிளாஷிலும் எழுதப்பட்டவை. சோதனைக்கூடம் இல்லாத பள்ளிக்கும் சோதனையின் சுவையை அவை கொண்டு சென்றன.

பூட்டிய பெட்டி

இத்துணைச் சிறப்பிருந்தும் ஃபிளாஷ் வீழ்ந்தது ஏன்? அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது.

வலைப்பக்கத்தின் மூலத்தை எவரும் திறந்து பார்க்கலாம். ஒருவர் எழுதிய பக்கத்தைப் பார்த்து மற்றொருவர் கற்றுக்கொண்டமையாலேயே வலை விரைந்து வளர்ந்தது. ஃபிளாஷ் படைப்பிற்கோ இரு வடிவம் உண்டு. படைப்பாளர் தம்மிடம் வைத்துக்கொள்ளும் மூலக் கோப்பு ஒன்று. பொதுமக்களுக்கு அனுப்பும் மூடிய கோப்பு மற்றொன்று. மூடிய கோப்பைச் செருகுநிரல் கொண்டே காணல் வேண்டும். மாணவன் அதைத் திறந்து கற்க எளிதில் இயலாது. தேடுபொறிகள் அதனுள் இருந்த எழுத்தைத் தெளிவாகப் படிக்கவில்லை. பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் கருவிகளும் பெரும்பாலும் தடுமாறின. செருகுநிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டன. எல்லாவற்றிற்கும் மேலாக, கோடிக்கணக்கான பக்கங்களின் உயிர் ஒரே நிறுவனத்தின் முடிவில் தொங்கியது.

2007இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐஃபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரல் 29ஆம் நாள் அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். ஃபிளாஷ் ஒரு நிறுவனத்தின் பிடியில் உள்ளது, பாதுகாப்புக் குறைந்தது, மின்கலத்தை விரைவில் தீர்ப்பது, விரல் தொடுகைக்கு ஏற்காதது எனக் குறைகளை அடுக்கினார். அவற்றுட் பல உண்மையே. ஆயினும் ஐஃபோனுக்குரிய செயலிகளைத் தன் கடைவழியாக மட்டுமே விற்கச் செய்த நிறுவனத்தின் தலைவர் பிறர் பூட்டைப் பற்றிப் பேசினார் என்பதையும் வரலாற்றை நடுநின்று நோக்குவோர் மறத்தலாகாது. 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷை அடோபி நிறுத்தியது. 2017 சூலை 25ஆம் நாள் முழு முடிவையும் அறிவித்தது.

அதன் விளைவு எதிர்பாராத இடங்களிலும் தெரிந்தது. தென்னாப்பிரிக்க வரித் துறையின் படிவங்கள் சில ஃபிளாஷில் அமைந்திருந்தமையால், 2021 சனவரியில் அத்துறை ஃபிளாஷை இயக்கும் தனி உலாவி ஒன்றை வெளியிட நேர்ந்தது. வேடிக்கைப் படம் ஓட்டிய கருவி அரசின் கணக்கேட்டிலும் புகுந்திருந்தது.

பொதுவழி சமைத்தவர்

ஃபிளாஷின் பணியை ஏற்க வேறு வழி முன்பே இல்லையா? இருந்தது. வலைத் தரங்களை வகுக்கும் உலகக் கூட்டமைப்பு 2001 செப்டம்பரில் 'எஸ்விஜி' என்னும் கோட்டுப் பட முறையை வெளியிட்டது. வட்டம், அதன் நடுப்புள்ளி, ஆரம், நிறம் என அனைத்தும் அதில் சாதாரண எழுத்தாகவே இருக்கும். கணக்கறிந்த மாணவன் கோப்பைத் திறந்து படித்தே படம் யாதெனக் கூறலாம். ஆனால் அக்காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி, 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை அதனை ஏற்கவில்லை. பொதுவழி பத்தாண்டு அடைபட்டிருந்தது. அந்த இடைவெளியில் மக்களுக்கு வேண்டியதைத் தந்தது ஃபிளாஷே. ஆதலின் ஃபிளாஷைப் பழிப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2004இல் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆகியவற்றைச் சேர்ந்தோர் கூடி வலை மொழியைப் புதுப்பிக்க ஒரு குழு அமைத்தனர். அவ்வாண்டிலேயே ஆப்பிள் அறிமுகம் செய்த 'கேன்வாஸ்' என்னும் வரைபலகையும் அப்புதுமொழியில் சேர்ந்தது. 2007இல் ஆப்பிளின் உலாவிக் குழு, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடையிலேயே அசைவையும் எழுத முன்மொழிந்தது. அம்முறையில் அசைவின் படிகளைக் குறிக்கும் சொல் பழைய ஓவியக் கூடத்தின் 'முதன்மைப் படம்' என்பதே. 2011இல் முப்பரிமாண வரைதலுக்குரிய 'வெப்ஜிஎல்' வந்தது. 2014 அக்டோபர் 28ஆம் நாள் எச்டிஎம்எல் ஐந்தாம் பதிப்பு முறையான தரமாயிற்று. செருகுநிரல் இன்றி அசைவும் ஒலியும் காணொளியும் உலாவியிலேயே அமைந்தன.

மீட்டவர்கள்

வழி புதிதாயிற்று. பழைய படைப்புகளின் கதி என்ன? ஃபெட் திட்டத்தார் தம் பயிற்சிகளை ஒவ்வொன்றாகப் புதுமொழியில் மீண்டும் எழுதினர். அதற்குப் பல்கலைக்கழகமும் பொருளுதவியும் இருந்தன. தனி இளைஞர் படைத்தவற்றிற்கு அத்தகைய காவல் இல்லை.

அப்பணியை ஆர்வலரே ஏற்றனர். 2018இல் ஆஸ்திரேலியரான பென் லாட்டிமோர் 'ஃபிளாஷ்பாயின்ட்' என்னும் தொகுப்பைத் தொடங்கினார். தன்னார்வலர் பலர் சேர்ந்து தளம் தளமாகத் தேடிச் சேகரித்தனர். இன்று அத்தொகுப்பில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் அசைபடங்களும் உள்ளன. மைக் வெல்ஷ் தொடங்கிய 'ரஃபிள்' என்னும் மென்பொருள், ஃபிளாஷ் கோப்புகளைப் படிக்கும் புதிய கருவி. செருகுநிரல் வேண்டாமலே இன்றைய உலாவிகளில் இயங்குவது. யாரும் மூலத்தைப் பார்த்துத் திருத்தத்தக்கது. 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் அதனை ஏற்று, ஃபிளாஷ் படைப்புகளைத் தன் தளத்திலேயே மீண்டும் ஓடச் செய்தது.

இம்மீட்பிற்குத் துணை நின்ற ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. மூடிய கோப்பின் அமைப்பு விளக்கத்தைக் கொண்டு பிறர் வேறு இயக்கி செய்தலாகாது என்னும் கட்டுப்பாடு முன்னர் இருந்தது. 2008 மே திங்களில் அடோபி அதனை நீக்கியது. உரிமையாளர் தாமே பெட்டியின் அமைப்பை வெளியிட்டுத் தடையையும் நீக்கியிருந்தமையால், பின்னாளில் பிறர் அதற்கு மாற்றுத் திறவுகோல் செய்ய இயன்றது. ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்தோர்க்கும் எழுத்தறிவு வேண்டியிருந்தது போல, கோப்புகளைக் காப்போர்க்கும் அவற்றின் எழுத்துமுறை தெரிதல் வேண்டும்.

இன்றைய வளர்ச்சி

புதுமுறைகள் பலவற்றிலும் பழைய கலையின் சாயல் காணப்படுகின்றது. ஃபிளாஷிற்கு அசைவு நிரல் எழுதிப் பெயர் பெற்ற 'கிரீன்சாக்' கருவி 2012இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாறியது. 2025இல் அது அனைவர்க்கும் இலவயமாயிற்று. வடிவமைப்பாளர் கற்ற கைப்பழக்கம் வீணாகாது புதிய இடத்தில் குடியேறியது.

2017இல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்ட 'லாட்டி' இன்னொன்று. ஓவியர் செய்த அசைபடத்தை எழுத்துக் கோப்பாக மாற்றிக் கைப்பேசியிலும் வலையிலும் ஓடச் செய்வது அது. அதன் பெயர் ஜெர்மனியின் லாட்டெ ரைனிகர் அம்மையாரின் நினைவாக இடப்பட்டது. கருந்தாளைக் கத்தரியால் நறுக்கி நிழலுருக்கள் செய்து, மூட்டுகளை அசைத்து, படம் படமாக எடுத்தவர் அவர். 1926இல் வெளிவந்த அவருடைய 'இளவரசர் அகமதின் வீரச்செயல்கள்' இன்று கிடைக்கும் முழுநீள அசைபடங்களுள் மிகப் பழையது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கத்தரியின் பெயர் இன்றைய கைப்பேசியில் உலவுவது எண்ணி மகிழத்தக்கது.

2023இல் குரோம் உலாவியில் மூன்று ஆற்றல்கள் சேர்ந்தன. ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றிற்கு இழைந்து மாறுவது ஒன்று. படிப்பவர் பக்கத்தை மேலே தள்ளும் அளவிற்கேற்பப் படம் நகர்வது மற்றொன்று. இங்குக் காலத்தின் இடத்தைப் படிப்பவரின் விரல் எடுத்துக்கொள்கின்றது. கணினியின் வரைகலைச் செயலியை நேரே ஆளும் 'வெப்ஜிபியூ' மூன்றாவது. மிகுந்த அசைவு சிலர்க்குத் தலைச்சுற்றல் தரும். "அசைவு குறைவாக வேண்டும்" எனப் பயனர் தம் கருவியில் குறித்து வைத்தால், அதனைப் பக்கம் அறிந்து நடக்கும் முறையும் 2017 முதல் உலாவிகளில் இடம்பெறலாயிற்று. தன் ஆற்றலைக் காட்டுவதில் தொடங்கிய கலை, பார்ப்பவரின் நலத்தைக் கேட்கும் அளவிற்கு முதிர்ந்திருக்கின்றது.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியர் பலர் இன்று எழுத்துப் பயிற்சி, சொல் விளையாட்டு, கதைப் படம் எனப் பலவற்றைத் தாமே செய்கின்றனர். பல இரவு உழைத்துச் செய்த அப்பாடங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ தங்கியுள்ளன. அந்நிறுவனம் கடையை மூடினால் அப்பாடங்களின் நிலை என்ன என்பதை இன்றே கேட்டல் நலம்.

செய்யத்தக்கவை எளியவை. படத்தின் மூலத்தையும் ஒலிப்பதிவையும் தனியே சேமித்தல் வேண்டும். பாடத்தின் எழுத்தைப் படத்திற்குள் புதைத்துவிடாது, ஒருங்குறியில் தனிக் கோப்பாகவும் வைத்தல் வேண்டும். இரு கருவி கிடைக்குமிடத்து, பொதுத் தரத்தில் கோப்பைத் தரும் கருவியையே தேர்தல் வேண்டும். பாடம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல், பின்வரும் ஆசிரியர்க்குப் பேருதவியாகும். ஓர் ஆசிரியர் பணி ஓய்வு பெற்றபின்னும், அவர் செய்த பாடம் அடுத்தவர் கையில் திறத்தல் வேண்டும்.

ஃபிளாஷின் கால் நூற்றாண்டில் கருவி மறைந்தது. முதன்மைப் படமும் இடைப்படமும் பெசியே வளைவும் மறையவில்லை. அவை பலர் அறிந்த பொது அறிவாக இருந்தமையால், ஒரு வீடு இடிந்தபோது மற்றொரு வீட்டிற்குப் பெயர்ந்தன. படைப்புகளுள்ளும் பிழைத்தவை, யாரோ ஒருவர் படியெடுத்து வைத்தவையும், பிறர் படிக்கத்தக்க முறையில் மீண்டும் எழுதப்பட்டவையுமே. அணைந்த மின்னல் விட்டுச் சென்ற பாடம் இதுவே.